அண்ணி கேட்ட முடிவு

1

இந்தக் கதையை நான் கண்டுபிடிக்கவில்லை. அண்ணி கேட்டார், அதனால் எழுதுகிறேன். முழுக் கதையைக்கூட அவர் கேட்கவில்லை. முடிவை மட்டும்தான் கேட்டார். மீதி அவரிடமே இருந்தது.

அன்றைக்கு அவர் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து ஒரு கணக்கு வழிகாட்டிப் புத்தகத்துக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். (அதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. கதை எழுதுவது வியாதி. அண்ணனும் அண்ணியும் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறார்கள், நான் வீட்டோடு இருக்கிறேன். வீட்டோடு இருக்கிற கொழுந்தனுக்கு என்ன மரியாதையோ அது எனக்குக் குறைவில்லாமல் கிடைக்கிறது.)

"தம்பி, நீ கதை எழுதுறவன்தானே?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருடத்தில் என் எழுத்தைப் பற்றி அவர் சொன்னதெல்லாம், "எழுதிக் கிழிச்சது போதும், போய் மோட்டாரை நிறுத்து" என்கிற அளவில்தான்.

"ஏன் அண்ணி?"

"ஒரு கதை பாதியில நிக்குது. அதுக்கு ஒரு முடிவு எழுதிக் குடு. திங்கக்கிழமை நான் வேலைக்குத் திரும்பணும். அதுக்குள்ள வேணும்."

எந்தப் பதிப்பாளரும் என்னிடம் இப்படிக் கெடு வைத்துக் கேட்டதில்லை. தலைகால் புரியாமல் சரி என்றேன். என்ன கதை என்று அப்புறம்தான் கேட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

2

தொடக்கங்கள். அடித்தவற்றையும் விட்டுவைக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

[துறைமுகத்தின் மேல் சூரியன் தன் கதிர்களை—] வேண்டாம். சொல்ல ஒன்றுமில்லாதவன்தான் சூரியனைக் கூப்பிடுவான்.

[அவள் ஒரு கிரேன் ஆபரேட்டர். அவள் கண்களில் எப்போதும் ஓர் இனம்புரியாத சோகம்—] இதை அண்ணியிடமே படித்துக் காட்டினேன். "என்ன சோகம்? நாள் முழுக்க ஸ்கிரீனைப் பார்த்துக் கண்ணு எரியுது. அதை எழுது" என்றார். அப்புறம், "அது யாருடா அவள்? வயசுக்கு மரியாதை வேண்டாமா?" என்றார். சரி, 'அவர்' என்றே வைத்துக்கொள்கிறேன்.

[ஒரு கப்பல் வந்தது.] இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் கப்பலுக்கு வேலையில்லை. அது கரையில் நின்றுகொண்டு எல்லோரையும் அவசரப்படுத்தும், அவ்வளவுதான்.

ஆகவே தொடக்கத்தை விட்டுவிட்டு வேலையைச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் அண்ணி கிரேனின் உச்சியில், கண்ணாடித் தரை போட்ட ஒரு சிறிய அறையில் உட்கார்ந்திருப்பார். கால்களுக்கு நடுவே கீழே தரை தெரியும். முதல்நாள் அவர் ஏணியில் ஏறியபோது, தானாக இறங்கிவர மாட்டார், அழுவார், ஆள் அனுப்பித்தான் இறக்க வேண்டும் என்று கீழே பேசிக்கொண்டார்களாம். அண்ணி வேலை முடிந்த பிறகும் வேண்டுமென்றே மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்கினாராம். அவர் எவ்வளவு பிடிவாதக்காரர் என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

இப்போது மேலே யாரும் ஏறுவதில்லை. கண்டெய்னர் அடுக்கும் யார்டிலிருந்து வெகுதூரத்தில் ஒரு கட்டடம், அதில் குளிரூட்டிய ஓர் அறை, வரிசையாக இருக்கைகள். ஒவ்வோர் இருக்கைக்கும் முன்னால் திரைகள், கைக்கு இரண்டு பிடிகள், பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். செல்போனை வெளியே பெட்டகத்தில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கிரேன்கள் தாமாகவே கண்டெய்னரைத் தூக்கும், நகரும், இறக்கும். கடைசியில் தரையைத் தொட ஓர் ஆள் உயரம் இருக்கும்போது மட்டும் இயந்திரத்துக்குச் சந்தேகம் வந்துவிடும். அப்போது மனிதரைக் கூப்பிடும். திரையில் படம் வரும். அண்ணி பிடியைப் பிடித்து மெல்ல இறக்கி வைப்பார். படம் போய்விடும். அடுத்த படம் வரும்.

படத்தில் தெரிவது யார்டு. கண்டெய்னர்களை அடுக்கடுக்காக வைத்த வரிசைகள், நடுநடுவே ஒடுங்கிய பாதைகள். பாதைக்கு லேன் என்று பெயர். கிரேன் ஓடும் லேனுக்குள் மனிதர் போகக் கூடாது. போக வேண்டியவர்கள் குளிர்ப்பெட்டிக்காரர்கள் மட்டும். மீனும் பழமும் மருந்தும் வரும் குளிர்ப்பெட்டிகளுக்கு ஓயாமல் கரண்ட் கொடுக்க வேண்டும். பிளக்கைச் செருகவும் கழற்றவும் அவர்கள்தான். என் அண்ணன் அவர்களில் ஒருவன்.

லேன் வாசலில் ஒரு கம்பிக் கதவு. அங்கே கார்டைத் தேய்த்தால் கதவு திறக்கும், அந்த லேனின் கிரேன்கள் எல்லாம் செத்துவிடும். திரும்பி வந்து தேய்த்தால் உயிர் வரும். கார்டு உள்ளே இருக்கும்வரை யார் தலைமேலும் எதுவும் இறங்காது. நல்ல ஏற்பாடுதான். இந்த ஏற்பாட்டை வைத்துத்தான் எல்லாம் கெட்டது.

(யார்டை நான் பார்த்ததே இல்லை. மேலே எழுதியதெல்லாம் அண்ணி வாயால் கேட்டது. எழுதுவதற்காக அந்த லேனில் மனதுக்குள் எத்தனையோ தடவை நடந்துவிட்டேன். இரண்டு பக்கமும் இரும்புச் சுவர், மேலே ஒரு கீற்று வானம், குளிர்ப்பெட்டிகளின் உறுமல். நடக்க நடக்க, போகாத இடம் மாதிரியே இல்லை.)

3

முதல் தடவை, பட்டப்பகல். திரை அண்ணியைக் கூப்பிட்டது. கண்டெய்னர் பெட்டி லேனுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. இறக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார்.

மேலிருந்து பார்த்தால் மனிதன் என்பது ஒரு ஹெல்மெட்டும் இரண்டு தோளும்தான். எல்லோருக்கும் ஒரே ஆரஞ்சுச் சட்டை. அண்ணி சிவப்புப் பொத்தானை அடித்தார். அடித்தால் கிரேனோடு கேமராவும் அணைந்துவிடும். அது ஏன் அப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், வாங்கி வைத்தவர்களைக் கேளுங்கள். கார்டு மெஷினைப் பார்த்தார்கள், லேனில் யாரும் இல்லை என்றது. ஆட்களை அனுப்பித் தேடினார்கள். ஈ காக்காய் இல்லை.

இரண்டாவது தடவையும் அப்படியே. அதற்குள் அந்த அறையில் அண்ணிக்கு 'ஸ்டாப் அக்கா' என்று பேர் வைத்துவிட்டார்கள். அண்ணி உள்ளே வந்தாலே ஒருத்தி கையைத் தூக்கி, "அக்கா வந்துட்டாங்க, எல்லாரும் நில்லுங்க" என்பாளாம். அண்ணியும் சிரித்துவைப்பாராம்.

மூன்றாவது தடவையைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை.

"நின்னான். நிறுத்தினேன். யாரும் இல்ல."

"முகம் தெரிஞ்சுதா அண்ணி?"

கையிலிருந்த சட்டையை உதறினார். ஏற்கெனவே மடித்த சட்டைதான் அது.

"மேல இருந்து பார்த்தா என்னத்த முகம் தெரியும்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவர்களுடைய ஷிஃப்ட் மேலாளருக்கு 'ஏறுமுகம்' என்று பட்டப்பெயர். சுவரில் மாட்டியிருக்கும் வேலைக் கணக்கு வரைபடத்தின் கோடு எப்போதும் மேல்நோக்கிப் போக வேண்டும் அவருக்கு. அண்ணியைத் தனியே கூப்பிட்டு, கத்தவெல்லாம் இல்லை, மெதுவாகத்தான் பேசியிருக்கிறார்.

"கண்ணால் காண்பதும் பொய்னு பெரியவங்க சும்மா சொல்லலம்மா. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

"அங்க இருட்டே இல்லையே சார். உச்சி வெயில்" என்றிருக்கிறார் அண்ணி.

"அதான் நானும் சொல்றேன். இருட்டு அங்க இல்ல." அவர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாராம். "ஒரு வாரம் வீட்டுல இருங்க. கண்ணைக் காட்டுங்க. திங்கக்கிழமை வாங்க. இன்னொரு தடவை நிறுத்தி, யாரும் இல்லன்னு ஆச்சுன்னா, சீட்டை விட்டுக் குடுத்துடுங்க. நான் ஒண்ணும் செய்ய முடியாது."

இதைச் சொல்லி முடித்தபோது அண்ணியின் மடியில் துணி குவிந்து கிடந்தது.

"யாருன்னு தெரியாம என்னால அங்க உக்கார முடியாது தம்பி. ஒவ்வொரு பெட்டியை இறக்கும்போதும் கீழ ஆள் நிக்கிற மாதிரியே இருக்கு. நிறுத்தினா சீட்டு போச்சு. நிறுத்தாம விட்டு, நிஜமாவே ஒருத்தன் நின்னா?" மடியிலிருந்த துணியை எடுத்து நீவினார். "நிஜமான முடிவா இருக்கணும்னு இல்ல. நம்புற மாதிரி இருந்தாப் போதும்."

அண்ணி அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை.

4

ஆக, யார் அந்த ஆள்? இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்.

பேய் என்றால் ஹெல்மெட் எதற்கு? செத்தவனுக்குத் தலையில் அடிபட்டால் என்ன, படாவிட்டால் என்ன. திருடன் என்றால் வெட்டவெளியில் கேமராவுக்கு நேரே ஏன் நிற்கிறான்? கண்டெய்னருக்குள் ஒளிந்து வந்தவன் என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். [பல நாள் இருளுக்குப் பின் அவன் முதன்முதலாக—] நம்புகிற மாதிரி இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

அப்புறம் ஒன்று தோன்றியது. லேன் செத்துக் கிடக்கும் நேரமெல்லாம் கார்டுக்காரர் பெயரில் ஏறும், நிறைய ஏறினால் மேலே கேள்வி கேட்பார்கள் என்று அண்ணன் ஒருநாள் புலம்பியது நினைவுக்கு வந்தது. கேள்விக்குப் பயந்து அந்த ஆட்கள் என்ன செய்வார்கள்? இரண்டு பேர் சேர்ந்து போகும்போது ஒரு கார்டைத்தான் தேய்ப்பார்கள். இன்று உன்னுடையது, நாளை என்னுடையது. கார்டுக்காரன் வேலையை முடித்துக்கொண்டு முதலில் வெளியே வருகிறான். பின்னால் கூட்டாளி வருகிறான் என்று நினைத்துக்கொண்டு தேய்த்துவிடுகிறான். கிரேனுக்கு உயிர் வருகிறது. கூட்டாளி இன்னும் உள்ளே நிற்கிறான்.

கிரேன் நின்றதும் அவன் ஏன் கையைத் தூக்கிக்கொண்டு வரவில்லை? மாட்டினால் இரண்டு பேருக்கும் வேலை போகும். லேனின் மறுகோடியில் உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் அவசரக் கதவு ஒன்று இருப்பதாக அண்ணி சொல்லியிருந்தார், அது வழியாக ஓடிவிடுகிறான்.

எனக்கு ஒரே குஷி. அண்ணி கண் டாக்டரிடம் போயிருந்தார். மத்தியானச் சாப்பாட்டின்போது அண்ணனுக்கு இதைப் படித்துக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்தேன்.

அவன் பிசைந்த சோற்றில் கையை வைத்தபடியே இருந்தான்.

"இதை யாருடா உனக்குச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானா யோசிச்சேன்."

"சும்மா சொல்லாதே. அவன் சொன்னானா?"

"எவன்?"

"என் கூட்டாளி."

எழுந்து போய்க் கை கழுவினான். நெடுநேரம் கழுவினான். நான் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இட்டுக்கட்டி எழுதிய வரி எழுந்துபோய்க் கை கழுவுவதை நான் அதுவரை பார்த்ததில்லை.

"நான்தான்டா" என்றான், முதுகைக் காட்டிக்கொண்டே. "முதல் தடவையும் நான்தான், ரெண்டாவது தடவையும் நான்தான். நிமிர்ந்து பார்த்தா தலைக்கு மேல பெட்டி. அப்படியே நிக்குது. அதை நிறுத்தினது உங்க அண்ணிதான்னு சாயங்காலம் அவ வந்து சொன்னப்புறம்தான் எனக்குத் தெரியும்."

"ஏன் அண்ணே அண்ணிகிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்வேன்? உன் கையில நான் சாகப் பார்த்தேன்னு சொல்லவா? சொன்னா அவ சும்மா இருப்பாளா? நேரா ஆபீசுக்குப் போய்ச் சொல்லிடுவா. என் வேலையும் போகும், அவன் வேலையும் போகும்."

"அதுக்காக அண்ணி சீட்டு போகலாமா?"

அண்ணன் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறான் மனுஷன்.

"மூணாவது தடவை?" என்றேன்.

அண்ணன் திரும்பினான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"மூணாவது தடவை நான் உன்கூட பஸ்ல இருந்தேன்டா."

ஆமாம். எப்படி மறந்தேன்? இரண்டு தடவை தப்பியதும் அண்ணன் யார்டைவிட்டே ஓடப் பார்த்தான். அப்படித்தான் என்று இப்போது புரிகிறது. வேலைக்குப் போவதாக அண்ணியிடம் சொல்லிவிட்டு, வெளியூரில் ஒரு குளிர்க்கிடங்கில் வேலை கேட்கப் போனான். துணைக்கு நான். வேலை கிடைக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வந்தோம். அன்று சாயங்காலம்தான் அண்ணி வீட்டுக்கு வந்து, மறுபடியும் ஆள் நின்றான் என்று அண்ணனிடம் சொன்னாராம்.

அண்ணன் பஸ்ஸில் இருந்தான். பக்கத்து சீட்டில் நான் இருந்தேன். லேனில் நின்றது யார்?

(என் கற்பனை இரண்டு தடவைக்குச் சரியாகப் பொருந்துகிறது. மூன்றாவது தடவைக்குப் பொருந்தவில்லை. கதை எழுதுகிறவனுக்கு இது ஒரு சின்ன ஓட்டை. அடைத்துவிடலாம். அன்று அதை அப்படித்தான் நினைத்தேன்.)

"நீயே கதையில எழுதிடு" என்றான் அண்ணன். "நேர்ல சொன்னா என் முகத்துலயே முழிக்க மாட்டா. கதையா படிச்சா கோவம் பாதி குறையும்."

5

முடிவுகள்.

அ. உள்ளதை உள்ளபடி எழுதுவது. இரண்டு தடவை நின்றது உங்கள் புருஷன், மூன்றாவது யார் என்று யாருக்கும் தெரியாது. எழுதினேன். திரும்பப் படித்தேன். இதை வாசிக்கும் அண்ணி திங்கட்கிழமை அந்த இருக்கையில் உட்காரவே மாட்டார். உட்கார்ந்தாலும், ஒவ்வொரு பெட்டிக்கும் அவர் கை பொத்தானுக்குப் போகும்.

ஆ. மூன்று தடவையும் அண்ணன்தான். எல்லாம் ஒரு கார்டில் இரண்டு பேர் போன கோளாறு. இனி அவனவன் கார்டை அவனவன் தேய்ப்பான். இது நம்புகிற மாதிரி இருக்கிறது. அண்ணி தூங்குவார். வேலை நிலைக்கும்.

இ. கதாநாயகி தானாகவே வேலையை விட்டுவிட்டு வீட்டில் நிம்மதியாக— இதை முடிக்கக்கூட இல்லை. கிழித்துப் போட்டேன். ஏணியில் ஏறி உட்கார்ந்து சாப்பிட்டவரிடம் இதைக் கொடுத்தால் என்னையும் கிழித்துப் போடுவார்.

அண்ணிக்குக் கொடுத்தது 'ஆ'.

அதில் ஓர் ஆபத்து இருந்தது, தெரிந்துதான் கொடுத்தேன். 'ஆ'வை நம்பிவிட்டால், இன்னொரு நாள் அந்த லேனில் ஆள் நிற்பதைப் பார்த்தாலும் அண்ணி நிறுத்த மாட்டார். தன் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைப்பார். ஆனால் இனி யார் வந்து நிற்கப்போகிறார்கள்? மூன்றாவது தடவை ஏதோ கேமராக் கோளாறாக இருக்கும். கண்ணாடியில் தூசி, வெயில், ஏதோ ஒன்று. எனக்கு நானே இப்படிச் சொல்லிக்கொண்டேன். எழுதுகிறவனுக்கு ஒரு முடிவு சரியாக உட்கார்ந்துவிட்டால், பிறகு யார் செத்தாலும் அதை மாற்ற மனசு வராது.

6

ஞாயிற்றுக்கிழமை அண்ணி கதையைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தார். விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தார். அண்ணன் கதவருகே நின்றுகொண்டிருந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

கடைசித் தாளை வைத்துவிட்டு அண்ணி நிமிர்ந்தார்.

"மூணு தடவையுமா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

"ம்" என்றான். குளிர்க்கிடங்குக்குப் போனதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

அண்ணி எழுந்து போய் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சட்டையைப் பிடித்தபடியே நின்றார்.

"உங்க மேல இறக்கியிருப்பேனே" என்றார். "உங்க மேலயே இறக்கியிருப்பேனே. அப்புறம் நான் எப்படி இருந்திருப்பேன்? யோசிச்சீங்களா?"

அண்ணன் அழுதான். இரண்டு பேரையும் அங்கேயே விட்டுவிட்டு நான் வாசலுக்குப் போய் நின்றேன். என் வாழ்க்கையில் எழுதிய எதுவும் இப்படி வேலை செய்ததில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஆபீசில் சொல்வதில்லை என்று அண்ணி ஒத்துக்கொண்டார். இனி கார்டு இல்லாமல் லேனில் கால் வைக்க மாட்டேன் என்று அண்ணன் அவர் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

சாயங்காலம் அண்ணி எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்தார். கேட்காமலே டீ வருவது இந்த வீட்டில் எனக்குப் புதிது.

"நல்லா எழுதியிருக்கே. மனசு லேசாயிடுச்சு" என்றார். "இனி நிறுத்த மாட்டேன் தம்பி. என்ன தெரிஞ்சாலும் சரி. அவர்தான் கார்டோட போறாரே. வேற எது தெரிஞ்சாலும் அது என் கண்ணோட சேட்டை."

"சரி அண்ணி."

"உன்கிட்ட ஏன் கேட்டேன்னு நினைச்சே?"

"நான் கதை எழுதுறவன், அதனால."

சிரித்தார். "ஊர்ல எழுதுறவனுக்கா பஞ்சம்? மூணாவது தடவை அவன் அண்ணாந்து கேமராவைப் பார்த்தான்டா. முகம் நல்லாத் தெரிஞ்சுது." டீயை என் பக்கம் தள்ளினார். "அப்படியே உன் முகம். பயந்தே போயிட்டேன். உன்கிட்ட சொல்லவும் முடியல, மனசுல வச்சுக்கவும் முடியல. அதான் முடிவை உன்கிட்டயே கேட்டுட்டேன். கடைசியில பார்த்தா உங்க அண்ணன். அண்ணன் தம்பி ஒரே ஜாடை, எனக்குத்தான் புத்தி எங்கயோ போயிருக்கு."

டீயை எடுக்க எனக்குக் கை வரவில்லை. இல்லை அண்ணி, அன்றைக்கு அண்ணன் அங்கே இல்லை என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு வாரமாக இல்லாத வெளிச்சம் அதில் இருந்தது. நாளை காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் நான் எழுவதற்குள் இருவரும் போய்விட்டிருந்தார்கள்.

7

இப்போது திங்கட்கிழமை. வெயில் ஏறிவிட்டது. இந்தப் பகுதியை நான் யோசித்து எழுதவில்லை, நடக்க நடக்க எழுதுகிறேன்.

சற்றுமுன் அண்ணன் போன் செய்தான்.

"டேய், கார்டை வீட்டுலயே வச்சுட்டேன்டா. கட்டில் மேல பாரு, நேத்துப் போட்ட சட்டைப் பையில இருக்கும். கொண்டு வா."

"அண்ணே, கார்டு இல்லாம உள்ள போகாதே."

"கப்பல் நிக்குது. கூட்டாளி உள்ள போயாச்சு. நீ வர்ற வரைக்கும் அவன் கார்டுலயே போயிக்கிறேன். இன்னிக்கு ஒரு நாள்."

"அண்ணே, அண்ணி இனிமே நிறுத்த மாட்டாங்க. சொல்றதைக் கேளு."

"அதுக்குத்தானே கார்டைக் கேக்குறேன். வெட்டியாப் பேசாம வா. மெயின் கேட்டுல என் கார்டையே காட்டு, போட்டோவை யாரும் உத்துப் பார்க்க மாட்டாங்க, நாம ரெண்டு பேரும் ஒரே ஜாடைதானே. லேன் வாசல்ல நான் இல்லன்னா தேய்ச்சுட்டு உள்ள வந்து குடு. ஹெல்மெட் அங்கேயே தொங்கும்."

வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டால் அணைத்திருக்கிறது. அண்ணியின் போன் பெட்டகத்துக்குள் அடித்து அடித்து ஓய்கிறது. துறைமுக அலுவலக எண்ணுக்கு அழைத்தேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் சொன்னது. அதற்கப்புறம் வெறும் இசை.

[நான் வீட்டிலேயே இருந்தேன்.] எழுதிப் பார்த்தேன். எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கூட்டாளி முதலில் வெளியே வருவான், தேய்ப்பான். அண்ணன் உள்ளே நிற்பான். திரையில் ஒரு ஹெல்மெட்டும் இரண்டு தோளும் தெரியும். அண்ணி தன் கண்ணை நம்ப மாட்டார், என் கதையை நம்புவார். அடித்துவிட்டேன்.

[நான் கிளம்பினேன்.] இதையும் எழுதிப் பார்த்தேன். கம்பிக் கதவுக்கு உள்ளே அண்ணன் தம்பி இரண்டு பேர், கையில் ஒரே கார்டு. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நான்காம் பகுதியில் நானேதான் விளக்கமாக எழுதியிருக்கிறேன். உறுமும் பெட்டிகளுக்கு நடுவே நான் நிற்பேன். தலைக்கு மேலே ஏதோ வெயிலை மறைக்கும். அண்ணாந்து பார்ப்பேன். எனக்கு இன்னும் நடக்காததை அண்ணி ஏற்கெனவே பார்த்துவிட்டார். அன்று நிறுத்தினார். இன்று நிறுத்த மாட்டேன் என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

எந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டாலும் பெட்டியை இறக்கப்போவது அண்ணியின் கை. அண்ணனோ நானோ போய்விடுவோம், அதோடு தீர்ந்தது. அப்புறம் அவர் எப்படி இருப்பார்? உங்க மேலயே இறக்கியிருப்பேனே என்று சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாரே, அந்தக் குரல்தான் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் கிளம்புகிறேன். கூடப்பிறந்தவன் உள்ளே நிற்கும்போது இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க என்னால் முடியாது. செருப்பைக்கூடப் போட்டுவிட்டேன். நின்றுகொண்டேதான் இதை எழுதுகிறேன்.

முடிவை எழுத எனக்கு நேரமில்லை. உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன். நீங்கள் மேலிருந்து குனிந்து இந்தப் பக்கத்தைப் பார்க்கிறீர்கள். கீழே யார் நிற்பது என்று உங்களுக்குத் தெரியும். என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். நான் அண்ணிக்கு எழுதிக் கொடுத்த மாதிரி, ஓட்டையெல்லாம் அடைத்து, நம்புகிற மாதிரி, மனசு லேசாகிற மாதிரி எழுதிவிடாதீர்கள். அரைகுறையாக எழுதுங்கள். யாராக இருக்கும், ஒருவேளை நிஜமாகவே ஆள்தானோ என்று படிக்கிறவருக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கட்டும். சந்தேகம் இருந்தால்தான் கை பொத்தானுக்குப் போகும்.